யார் காத்திருப்பது? வீடியோ மாற்றமும் புரொசசரும்: ஒரு சிறு வரலாறு

2021. கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்த காலம். எங்கட வீட்டில் இருந்தது ஒரேயொரு லப்டொப், இரண்டு கோர் உள்ள பழைய ஐ3. பகலில் அது தங்கச்சியின் ஏ.எல். ஸூம் வகுப்புகளுக்கு, இரவில் எனக்கு. என்னுடைய இரவு வேலை, 1998இல் வெள்ளவத்தையில் நடந்த மாமாவின் கல்யாண வீடியோவைக் காப்பாற்றுவது. மூன்று மணித்தியால வீ.எச்.எஸ். கசெற், ஓரங்களில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஸ்ரூடியோ வைத்திருக்கும் தெரிந்த அண்ணா ஒருவரின் டெக்கில் அதை ஓடவிட்டு, கப்சர் வயர் ஒன்றால் லப்டொப்புக்குள் எடுத்தாயிற்று. வந்த ஃபைல் கனடாவுக்கு அனுப்பக்கூடிய அளவில் இல்லை. சுருக்கவேண்டும். இரவு பத்து மணிக்குக் கொன்வேர்ட் பண்ண விட்டுவிட்டுப் படுத்தேன். காலை எட்டு மணிக்கும் அது முடியவில்லை.

“அண்ணா, உங்கட வீடியோவை நிப்பாட்டுங்கோ. சேர் கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை.”

ஸூமில் பௌதிகவியல் சேர் ரோபோ மாதிரி வெட்டி வெட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். டாஸ்க் மனேஜரைத் திறந்தால் சிபியூ 100 வீதம். பத்து மணித்தியால வேலையைப் பாதியில் விட மனம் வரவில்லை. பட்டியலில் வீடியோ மாற்றும் புரோகிராமைத் தேடி, வலது கிளிக் செய்து, முன்னுரிமை என்ற இடத்தில் ஆகத் தாழ்ந்ததைத் தெரிவுசெய்தேன். பெரிய நம்பிக்கையோடு செய்யவில்லை.

சேரின் குரல் தெளிந்தது. ஆனால் சிபியூ 100 வீதத்திலேயே நின்றது.

இதுதான் எனக்கு விளங்கவில்லை. 100 வீதம்தான் பிரச்சினை எண்டால், அது குறையாமல் பிரச்சினை எப்படிப் போனது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய், நான் பிறப்பதற்குக் கனக்க வருசத்துக்கு முந்திய கதைகளுக்குள் போய்விட்டேன். அந்தக் கதைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது கதை வீடியோவைப் பற்றியதே அல்ல. 1950களில் கணினி ஒரு பெரிய அறையையே நிரப்பும், விலை சொல்லி மாளாது. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போனால் விடை மறுநாள் வரும். ஓரிடத்தில் ஒரு கொமா பிழைத்திருந்தால் அடுத்த நாளும் போச்சு. இயந்திரத்தின் ஒரு நிமிடம் மனிசரின் ஒரு நாளைவிடப் பெறுமதியானது என்பது அந்தக் காலக் கணக்கு. ஆகவே காத்திருப்பது மனிசர்தான்.

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கோர்படோவும் கூட்டாளிகளும் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். சி.ரி.எஸ்.எஸ். என்று பெயர். ஒரே கணினி, அதோடு இணைந்த பல தட்டச்சு முனையங்கள். செக்கனைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொருவரின் வேலையையும் ஒரு துண்டு நேரம் பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் போகும். முனையத்தில் இருப்பவருக்கு முழுக் கணினியும் தனக்குத்தான் என்று தோன்றும்.

இதில் முக்கியமானது பங்கிடும் முறை. 1962இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் அது இருக்கிறது. தனக்குக் கொடுத்த நேரத்துக்குள் முடிக்காத வேலை ஒரு படி கீழே இறக்கப்படும். அங்கேயும் முடிக்காவிட்டால் இன்னும் ஒரு படி. கீழே போகப்போக முறை வருவது அரிது, ஆனால் வரும்போது நீண்ட துண்டாகக் கிடைக்கும். தபால் கந்தோரை யோசியுங்கோ. இருநூறு கடிதம் பதிவுசெய்ய வந்தவருக்குப் பின்னால் ஒரேயொரு முத்திரை வாங்க வந்த பத்துப் பேரை நிறுத்தி வைப்பது அநியாயம். இருநூறு கடிதக்காரரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னால் அவருக்குப் பெரிய நட்டம் இல்லை, பத்துப் பேருக்குக் காலை மிஞ்சும். கோர்படோவுக்கு 1990ஆம் ஆண்டின் டியூரிங் விருது கிடைத்தது இந்த நேரப் பங்கீட்டு வேலைகளுக்காகத்தான்.

ஒதுங்கி நிற்கச் சொல்வதில் ஒரு ஆபத்தும் உண்டு. இயங்குதளப் பாடப்புத்தகங்களில் வதந்தி என்று சொல்லியே ஒரு கதை வரும்: 1973இல் எம்.ஐ.ரி. தன் ஐ.பி.எம். 7094 கணினியை நிறுத்தியபோது, 1967இல் போட்ட ஒரு தாழ்ந்த முன்னுரிமை வேலை இன்னும் தொடங்கப்படாமலே உள்ளே கிடந்ததாம். உண்மையோ பொய்யோ, அரச அலுவலகம் ஒன்றுக்கு ஃபைல் கொண்டுபோன எவருக்கும் நம்பக் கஷ்டமாக இராது.

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸில், 1970களின் ஆரம்பத்திலேயே இதற்கு ஒரு கட்டளை வந்துவிட்டது. பெயர் ‘நைஸ்’. நல்லபிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வேலைக்கு நைஸ் எண்ணைக் கூட்டக்கூட அது மற்ற வேலைகளுக்கு வழிவிடும். இன்றைய லினக்ஸில் ஆகக் கூடிய எண் 19. இதில் எனக்குப் பிடித்த விசயம், சாதாரண பாவனையாளர் எவரும் தன் வேலையைத் தாழ்த்தலாம், ஆனால் பூச்சியத்துக்குக் கீழே கொண்டுபோய் மற்றவர்களுக்கு மேலே ஏற்றும் அதிகாரம் நிர்வாகிக்குத்தான். தாழ்வதற்கு அனுமதி கேட்கத் தேவையில்லை.

அன்று காலை நடந்தது இதுதான். வீடியோ வேலை, புரொசசரில் மிஞ்சிய நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டே இருந்தது, அதனால் எண் 100. ஆனால் ஸூம் கேட்ட மறுகணமே எழுந்து இடம் விட்டது. காலியான பஸ் சீற்றில் இருப்பது பிழை இல்லையே, வயசாளி ஏறும்போது எழும்பாமல் இருப்பதுதான் பிழை.

ஆனால் வீடியோ ஏன் இவ்வளவு கேட்கிறது? இது இரண்டாவது கதை. ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். எங்கட ஊர்ப் பழைய ரிவி முறையில் ஒரு படம் 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம், செக்கனுக்கு 25 படம். நிறத் தகவலைக் கால்வாசியாக்கிய பிறகும் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 15.5 மெகாபைற். ஒரு மணித்தியாலத்துக்கு 56 கிகாபைற். மாமாவின் கல்யாணம் மூன்று மணித்தியாலம், 168 கிகாபைற். ஒரு சீ.டி.யில் பிடிப்பது 700 மெகாபைற். சுருக்காமல் வீடியோ எங்கேயும் போகாது.

சுருக்கும் கணிதத்தின் அடிப்படை 1974 ஜனவரியில் மூன்று பேர் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்றில் இருக்கிறது: நசீர் அகமட், ரி. நடராஜன், கே. ஆர். ராவ். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் கன்சாஸ் அரச பல்கலைக்கழகத்தில் படிப்பித்த அகமட், இந்த யோசனைக்கு 1972இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அமைப்பிடம் பணம் கேட்டிருந்தார். யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள் என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். படத்தின் ஒரு சிறு சதுரத்தைப் புள்ளிகளாக வைக்காமல் அலைகளின் கூட்டாக எழுதினால், கண் கவனிக்காத நுண் அலைகளைத் தூக்கி எறியலாம் என்பது அந்த எளிமை. ஜேபெக் படங்கள், வீ.சி.டி., டீ.வி.டி., இன்றைக்கு நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

ஆனால் புரொசசரை உண்மையில் வாட்டி எடுப்பது அது இல்லை, அசைவைத் தேடுவது. வீடியோவில் ஒரு படமும் அடுத்த படமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மணமேடை அப்படியே இருக்க ஐயரின் கை மட்டும் நகரும். ஆகவே முழுப்படத்தையும் திரும்ப எழுதாமல், “இந்தச் சதுரம் முந்திய படத்தில் நாலு புள்ளி இடப்பக்கம் இருந்தது” என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். எழுதுவது சுலபம், எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. 16க்கு 16 புள்ளி உள்ள ஒரு சதுரத்தைச் சுற்றிவர 16 புள்ளித் தூரம் தேடினால் 1089 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 கழித்தல். ஒரு படத்தில் இப்படி 1620 சதுரங்கள். செக்கனுக்கு 25 படம். பெருக்கிப் பார்த்தால், ஒரு செக்கன் வீடியோவுக்கு 1100 கோடிக்கு மேற்பட்ட கழித்தல்கள். 1990களின் இறுதியில் வீடுகளில் இருந்த 300 மெகாஹேர்ட்ஸ் புரொசசருக்குச் செக்கனுக்கு 30 கோடித் துடிப்புத்தான். யாரும் எல்லா இடமும் தேடுவதில்லை, குறுக்கு வழிகள் இருக்கின்றன. கோடெக் எழுதுபவர்களின் கெட்டித்தனமே எங்கே தேடாமல் விடுவது என்பதில்தான் இருக்கிறது. ஆனாலும் அடிப்படை மாறாது: இன்னும் கொஞ்சம் தேடினால் இன்னும் கொஞ்சம் சின்ன ஃபைல். இதற்கு முடிவே இல்லை. எவ்வளவு கொடுத்தாலும் சாப்பிடுகிற வேலை.

பழைய கசெற் இதில் இன்னும் மோசம். கசெற்றின் புழுதிப் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும், முந்திய படத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது. உருவங்கள் தெளிவாக இருக்கும் புதிய வீடியோவைவிட மங்கின கல்யாண வீடியோவைச் சுருக்குவது கஷ்டம் என்பதை நான் அந்தக் கசெற்றோடுதான் கண்டுபிடித்தேன்.

1993இல் வந்த வீ.சி.டி.யை நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள். எங்கட தெருமுனைக் கடையில் வாடகைக்குக் கொடுத்தது, பாட்டுக் காட்சியில் சதுரம் சதுரமாக உடைந்தது எல்லாம் அதுதான். அதன் வடிவமைப்பில் ஒரு தந்திரம் இருக்கிறது. சுருக்குவது மிகக் கடினம், விரிப்பது மிகச் சுலபம். ஒருவர் ஒரு தடவை கஷ்டப்பட்டுச் சுருக்கினால் இலட்சம் பேர் மலிவான பிளேயரில் பார்க்கலாம். கஷ்டப்படுபவர் நிறுவனம், பார்ப்பவர் வீட்டுச் சனம். அந்தப் பிரிவினை நியாயமாகத்தான் இருந்தது.

1990களின் கடைசியில் அது உடைந்தது. மைக்ரோசொஃப்டின் எம்பெக்-4 கோடெக்கை உடைத்து பிரான்ஸைச் சேர்ந்த ஜெரோம் ரொத்தா வெளியிட்ட ‘டிவ்எக்ஸ்’ வந்தது. 1999இல் டீ.வி.டி.யின் பூட்டைத் திறக்கும் புரோகிராமும் வெளியானது. ஒரு டீ.வி.டி. படத்தை ஒரு சீ.டி.க்குள் அடக்கலாம். நல்லதோ கெட்டதோ, அன்றிலிருந்து சுருக்கும் வேலை நிறுவனத்திடம் இருந்து வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. பகிர்ந்து பாவிக்கவேண்டிய பெரிய கணினிகளுக்காக 1961இல் யோசித்த கேள்வி, ஒருவர் மட்டும் பாவிக்கும் சின்னப் பெட்டிக்குள் திரும்ப எழும்பியது.

அந்தப் பெட்டி அதற்கு ஆயத்தமாகத்தான் இருந்ததா? விண்டோஸ் 3.1 இருந்திருந்தால் இல்லை. அதில் ஒரு புரோகிராம் தானாக மனமிரங்கி இடம்விட்டால்தான் மற்றது ஓடும், ஒன்று அடம்பிடித்தால் எல்லாம் நின்றுவிடும். விண்டோஸ் 95இல் இருந்துதான் நேரம் முடிந்ததும் பிடுங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும் அதிகாரம் வீட்டுப் பாவனை விண்டோஸுக்கு வந்தது. டாஸ்க் மனேஜரில் முன்னுரிமை மாற்றும் வசதி என்.ரி. வழியாக வந்தது. அவெரி லீ என்பவர் எழுதிய வேர்ச்சுவல்டப் போன்ற வீடியோப் புரோகிராம்களில், வேலை நடக்கும் சாளரத்திலேயே முன்னுரிமையைத் தெரிவுசெய்ய இடம் வைத்திருந்தார்கள். எழுதினவருக்கே தெரியும், தன் புரோகிராம் வீட்டில் மற்றவர்களுக்குத் தொல்லை என்று.

ஆனால் அந்தப் பட்டியலில் தாழ்ந்ததை விட்டுவிட்டு மேலே இருந்ததைத் தொட்டவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். நானும் செய்திருக்கிறேன். ‘ரியல்டைம்’ என்று ஒன்று இருக்கும். வேகமாக முடியும் என்று நினைத்துக் கொடுத்தால் மவுஸ் அசையாது, கீபோர்ட் வேலை செய்யாது, நிப்பாட்டச் சொல்லக்கூட வழியில்லாமல் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். வேலையும் பெரிதாக வேகப்படாது, ஏனென்றால் வேறு ஒன்றும் ஓடாத நேரம் தாழ்ந்த முன்னுரிமைக்கும் முழுப் புரொசசரும் கிடைக்கிறதே. அது ஒலிக்கருவி மாதிரி நேரம் தவறக்கூடாத வேலைகளுக்கு வைத்த இடம். கல்யாண வீடியோவுக்கு இல்லை.

புரொசசர் செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை. இன்டெல் 1997இல் எம்.எம்.எக்ஸ். கட்டளைகளைக் கொண்டுவந்தது. 1999இல் பென்டியம் 3இல், எட்டு சோடிப் புள்ளிகளைக் கழித்து, குறியை நீக்கி, கூட்டித் தரும் வேலையை ஒரே கட்டளையில் செய்யும் வசதியைச் சேர்த்தார்கள். மேலே 1100 கோடி என்று சொன்னேனே, அந்தக் கழித்தலேதான். ஆனால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பாதை 2004இல் முட்டியது. பென்டியம் 4 வரிசை 3.8 கிகாஹேர்ட்ஸோடு நின்றது. அடுத்து வரவேண்டிய ‘தேஜாஸ்’ என்ற புரொசசரை அந்த மே மாதம் இன்டெல் கைவிட்டது. காரணம் வெப்பம். ஒரு கோரை வேகமாக்க ஏலாது எண்டால் இரண்டு கோர் வைப்போம் என்று 2005இல் இரட்டைக் கோர்கள் வந்தன. அதோடு இன்னொரு பழக்கமும் வந்தது: வீடியோ வேலையை ஒரு கோரில் கட்டிப்போட்டு, மற்றதை மனிசருக்கு விடுவது. சுலபம்தான். ஆனால் மனிசர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரமும் அந்தக் கோர் சும்மா கிடக்கும். வழிவிடுவதற்கும் பாதியை மதில் கட்டிப் பிரிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்த இடத்தில் கொன் கோலிவாஸ் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. அவுஸ்திரேலியாவில் மயக்க மருந்து வைத்தியராக வேலை செய்தவர். புரோகிராம் எழுதுவது அவரின் தொழிலே இல்லை. 2000களில் லினக்ஸின் மையத்தை, அதாவது கேர்னலை, பெரும்பாலும் பெரிய நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள்தான் எழுதினார்கள். அவர்களின் கவலை பெரிய சேர்வர்கள். வீட்டில் ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு பின்னால் ஒரு கனமான வேலையை ஓடவிட்டால் பாட்டு இடறுது, மவுஸ் சிக்குது என்பதைப் பற்றி யோசிக்க ஆள் குறைவு. கோலிவாஸ் அதைத்தான் பிடித்துக்கொண்டார். வருசக்கணக்காகத் தன் ஓய்வு நேரத்தில் கேர்னலுக்கு ஒட்டுகள் எழுதி வெளியிட்டார்.

அப்போதிருந்த பங்கீட்டு முறை ஊகத்தில் ஓடியது. எந்த வேலை அடிக்கடி தூங்கி எழும்புகிறதோ அது மனிசரோடு கதைக்கிற வேலையாக இருக்கும் என்று நினைத்து அதற்குச் சலுகை கொடுக்கும். ஊகம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். கோலிவாஸ் 2007 மார்ச்சில் முன்வைத்த முறை ஊகத்தை விட்டுவிட்டு நேரத்தைச் சரிசமமாகப் பங்கிடுவதை அடிப்படையாகக் கொண்டது. சில வாரங்களில், பழைய முறையை எழுதிய இங்கோ மோல்னாரே அதே நியாயப் பங்கீட்டுக் கொள்கையில் வேறொரு முறையை எழுதினார். அது இயலுமென்று காட்டியவர் கோலிவாஸ்தான் என்று பெயர் சொல்லி நன்றியும் எழுதினார். 2007 ஒக்டோபரில் வெளியான லினக்ஸ் 2.6.23க்குள் போனது மோல்னாருடையது. கோலிவாஸ் அதற்கு முன்பே, யூலையில், மனம் விட்டு விலகிவிட்டார். மோல்னாரின் குறியீடு தரமானது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் வெளியிலிருந்து வந்த ஒருவரின் யோசனை உள்ளே போய், அவர் வெளியிலேயே நின்றது எனக்கு உறுத்துகிறது. இரண்டு வருசம் கழித்துத் திரும்பி வந்து இன்னொரு பங்கீட்டு முறையை எழுதினார். அதைக் கேர்னலுக்குள் சேர்க்கச் சொல்லி அவர் கேட்கவேயில்லை.

அந்த 2007 முறை 2023 வரை லினக்ஸில் இருந்தது. அண்ட்ரொய்ட் போனின் அடியில் இருப்பதும் லினக்ஸ்தான். ஆகவே உங்கட போனில் பாட்டு இடறாமல் ஓடியதில் ஒரு மயக்க மருந்து வைத்தியரின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு.

சரிசமம் என்றால் யாருக்கு யார் சமம் என்ற கேள்வி பிறகு வந்தது. 2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒருவருக்கு ஒரு கான் என்பது சமம்தான். ஒரு வீட்டில் இருந்து ஐந்து பேர் ஐந்து கானோடு வந்தால்? வீடியோ மாற்றும் புரோகிராம் இருபது கிளைகளாகப் பிரிந்து நின்று இருபது பங்கு கேட்டால், ஒற்றை ஆளாக நிற்கும் பாட்டுப் புரோகிராமுக்கு இருபத்தியொன்றில் ஒரு பங்குதான். மைக் கல்பிரெயித் எழுதிய, இருநூறு சொச்சம் வரிகளே உள்ள ஒட்டு ஒன்று இதைத் தீர்த்தது. ஒரே இடத்தில் இருந்து தொடங்கிய வேலைகளை ஒரு குடும்பமாக எண்ணி, பங்கைக் குடும்பத்துக்குக் கொடுப்பது. 2010 நவம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை மனம்விட்டுப் புகழ்ந்தார். 2011 மார்ச்சில் வெளியான 2.6.38இல் அது சேர்ந்தது.

இவ்வளவும் வழிவிடுவதின் கதை. இன்னொன்று இருக்கிறது, கட்டுப்படுத்துவது. எண்ணையே குறைப்பது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் இன்றைக்கும் வாற குழப்பம்.

விண்டோஸுக்கு யப்பானில் இருந்து வந்த ஒரு சின்னப் புரோகிராமின் பெயர் ‘பட்டில் என்கோடர் ஷிராசே’. பெயரே வீடியோ மாற்றுகிறவர்களுக்குச் சண்டைக்கு வந்தது போல இருக்கும். லினக்ஸில் ‘சிபியூலிமிற்’ என்று ஒன்று. இரண்டும் செய்வது ஒன்றுதான்: ஓடும் வேலையைப் பிடித்து உறைய வைப்பது, விடுவது, உறைய வைப்பது, விடுவது. பாதி நேரம் உறைந்திருந்தால் சராசரி 50 வீதம். டாஸ்க் மனேஜரில் பார்க்கச் சந்தோசமாக இருக்கும். ஆனால் ஓடும் அந்தக் கணத்தில் அது முழு வேகத்தில்தான் ஓடுகிறது.

இந்த வித்தியாசம் வெறும் வாதம் இல்லை என்பது 2022இல் தெரிந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அந்த ஸ்ரூடியோ அண்ணா இன்வேர்டரில் கணினியை ஓட்டிக் கல்யாண வீடியோக்களை முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எடிட் பண்ணும்போது ஒன்றும் இல்லை, மாற்றத் தொடங்கினால் இன்வேர்டர் கத்தத் தொடங்கிவிடும். முன்னுரிமையைத் தாழ்த்திப் பார்த்தார். பிரயோசனம் இல்லை, வழிவிட வேறு வேலை அங்கே இல்லையே. உறைய வைத்து விடும் புரோகிராமும் சரிவரவில்லை. கடைசியில் விண்டோஸின் மின்சார அமைப்புக்குள் போய், புரொசசரின் உச்ச நிலையை 100இல் இருந்து 99 ஆக்கினார். ஒரு வீதம் குறைப்பதில் என்ன வரப்போகுது என்று நினைப்போம். பல புரொசசர்களில் அந்த ஒரு வீதம், ‘டேர்போ’ என்கிற மேலதிக வேகத்தை முழுதாகப் பூட்டிவிடும். வேகத்தைக் கூட்டும்போது மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டும், மின்சாரச் செலவு அழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் ஆகக் கூடிய விலை. அண்ணாவுக்கு வேலை முடிய நேரம் கூடியது. இன்வேர்டர் வாயை மூடியது. கோடையில் தகரக் கூரைக்குக் கீழ் வைத்திருக்கும் லப்டொப்புக்கும் இதே மருந்துதான்.

இப்போது இந்தப் பிரச்சினையைச் சுற்றிப் போகவும் வழி இருக்கிறது. 2011இல் இன்டெல் தன் புரொசசருக்குள்ளேயே வீடியோ சுருக்குவதற்கென்று ஒரு தனி மூலையைக் கட்டியது. அடுத்த வருசம் என்விடியாவின் கிராபிக்ஸ் சிப்களிலும் வந்தது. வேகம் அபாரம், புரொசசர் சும்மா இருக்கும். ஆரம்பத்தில் படத்தின் தரம் குறைவு என்று ஆறுதலாகச் சுருக்குபவர்கள் முகம் சுளித்தார்கள், அது நியாயமும்கூட. கூகுள் 2021இல் யூடியூப்புக்கென்றே தனிச் சிப் செய்திருப்பதாக அறிவித்தது. பழைய முறையைவிட 20 தொடக்கம் 33 மடங்கு வினைத்திறன் என்றது. எங்களிடம் இருப்பது அந்தச் சிப் இல்லை, பழைய ஐ3.

2021 கடைசியில் இருந்து வந்த இன்டெல் புரொசசர்களில் பெரிய கோர், சின்னக் கோர் என்று இரண்டு சாதி. எந்த வேலை எங்கே ஓடுவது என்பதை இயங்குதளம் தானே தீர்மானிக்கிறது. சிலருக்கு வேடிக்கையான அனுபவம்: மாற்றும் சாளரத்தைச் சுருக்கிக் கீழே வைத்தால், பின்னணி வேலை என்று நினைத்து எல்லாவற்றையும் சின்னக் கோர்களுக்குத் தள்ளிவிடுகிறது, மாற்றம் இழுபடுகிறது. இங்கேயும் ஊகம்தான். கோலிவாஸ் சண்டை பிடித்த அதே ஊகம், இந்த முறை வீடியோவின் பக்கம் அநியாயமாக.

அன்றைக்கு எங்கட வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். ஸூமும் வீடியோ சுருக்கும் புரோகிராம்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தங்கச்சியின் கமராவை அது சுருக்கி அனுப்புகிறது, சேரின் முகத்தை விரித்துக் காட்டுகிறது. ஒரே லப்டொப்பில் ஒரே கணிதம் இரண்டு தடவை ஓடியது. ஒன்றுக்கு அந்தச் செக்கனுக்குள் முடியவேண்டும், பிந்தினால் வசனம் போய்விடும். மற்றது 23 வருசம் காத்திருந்தது, இன்னும் ரெண்டு மணித்தியாலம் அதற்கு ஒரு விசயமே இல்லை.

பின்னேரம் இரண்டரைக்கு முடிந்தது. தங்கச்சி வகுப்பு முடிந்து பக்கத்தில் வந்து இருந்தாள். அவள் பிறக்க முதலே அம்மம்மா போய்விட்டா. வீடியோவில் ஒரு மணித்தியாலம் தாண்டி ஓரிடத்தில், மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு அம்மம்மா வீடியோக்காரரைப் பார்த்து, “தம்பி, உந்த லைற்றை அங்கால பிடியுங்கோ, கண் கூசுது” என்கிறா. தங்கச்சி அதைப் பின்னால் இழுத்து மூன்று தடவை போட்டுக் கேட்டாள்.